செவிக்கு முதல் விருந்து எது?

காதற்கதையைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு படிப்பா என்று வினவுவோர் நம்மிடையே பெருகியுள்ளனர். ஆசிரியர் ஒன்றுகூடல் ஒன்றில் இவ்வினா எழுந்தபொழுது அவையோர் நகைத்தனர். இடைநிலைப்பள்ளியில் பயிலும் நம் மாணவியர் சிலர், பேருந்தில் செல்லும்பொழுது காதொலிப்பான் அணிந்து ஆங்கில மாயக் காதற்புதினங்களைக் கேட்டு வருகின்றனர் என்று ஆசிரியை ஒருவர் கவலையோடு கூறியதே அந்நகைப்பிற்குக் காரணம். “பாட்டுக் கேட்கட்டும்; இல்லையேல் பாடம் படிக்கட்டும். கதை சொல்லித் தூங்கவைப்பதற்கு அவர்கள் என்ன கைக்குழந்தைகளா?” என்று மூத்த அன்பர் ஒருவர் கூறி அப்பொருளுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அவையோர் தேநீர் அருந்தச் சென்றனர்.

அவ்வன்பர்பால் எனக்கு மதிப்புண்டு. ஆயினும் அவர் கூற்று என் உள்ளத்திற்கு ஏற்கவில்லை. அந்த மாணவியர் கதை கேட்பது குறித்து எனக்கு அச்சம் இல்லை. எதனை முதலிற் கேட்கின்றனர், அதனைத் தேர்ந்து கொடுப்பவர் யார் என்பனவே என் கவலை. பெற்றோர் தேர்ந்து கொடுப்பதில்லை; ஆசிரியர் தேர்ந்து கொடுப்பதில்லை; நூலகர்க்கோ நேரமில்லை. கைப்பேசியில் ஓடும் ஒரு நிமிடக் காணொளி தேர்ந்து கொடுக்கிறது. ஓராம் ஆண்டு மாணவன் கையில் முதன்முதலாகக் கொடுக்கும் வாசிப்பு நூலுக்காக நாம் எத்துணைக் கூட்டம் கூடுகிறோம்! எழுத்து பெரிதா, படம் தெளிவா, சொல் எளிதா என்று எத்துணை ஆராய்ச்சி! அதே பிள்ளை பதினாறு வயதில் தானாக விரும்பி ஒரு பெரிய புதினத்தைக் கேட்க முன்வரும்பொழுது, நாம் நகைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் செல்கிறோம்.

ஒலிநூல் என்பது முழு நூலொன்றை ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பதிவு செய்வது. இது நேற்று முளைத்த காளான் அன்று. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார். அடுத்த ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டவர், பார்வையற்றோர்க்குப் பேசும் நூல்களையும் அதிற் குறித்தார். 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றோர்க்கான பேசும் நூல்கள் இசைத்தட்டுகளில் வெளிவந்தன. பின்னர் ஒலிநாடா வந்தது. இன்று கைப்பேசி வந்துள்ளது. வரலாற்றில் இவ்வளவு போதும். மாயமும் காதலும் கலந்த புதின வகைக்கு ஆங்கிலத்தார் ‘ரொமான்டசி’ என்று ஒரு சொல்லைப் படைத்துக்கொண்டனர். ஆக்ஸ்போர்டு அகராதியார் 2024ஆம் ஆண்டின் சொல்லுக்கெனத் தொகுத்த குறும்பட்டியலில் அச்சொல்லும் இடம்பெற்றது. அவ்வளவு பெரிய சந்தை அது.

சந்தை பெரிதாயின் சரக்கு கெட்டதென்று பொருளா? அன்று. அதே வேளையில், சரக்கு முழுவதும் நல்லதென்றும் பொருளன்று.

முதலில், மாயக் காதல் நமக்கு அயலானது என்று மார்தட்டுவோர்க்கு ஒரு சொல். சீவக சிந்தாமணி என்ன நூல்? விசயை மயிற்பொறியில் ஏறி வானில் பறக்கிறாள். சுடுகாட்டில் மகவைப் பெறுகிறாள். அம்மகன் யாழ்ப்போரில் வென்று காந்தருவதத்தையை மணக்கிறான். எண்மரை மணந்தமையால் அந்நூலுக்கு ‘மணநூல்’ என்றே ஒரு பெயர் நிலைத்தது. அதனை இயற்றிய திருத்தக்கதேவர் ஒரு சமண முனிவர்! துறவி பாடினால் காப்பியம், மாணவி கேட்டால் கேடா? நளவெண்பாவில் அன்னம் தூது போகிறது. அதனையும் நாம் இடைநிலைப்பள்ளி இலக்கிய வகுப்பில் வியந்து பேசுவோம்.

ஏட்டிலக்கியம் கிடக்கட்டும். சஞ்சியோடு கப்பலேறி இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்க்கு எழுத்து தெரிந்தோர் சிலரே. அவர்கள் கதையை எவ்வாறு பெற்றனர்? செவியால் பெற்றனர். பெரிய எழுத்துப் புத்தகமொன்றைத் தெரிந்தவர் ஒருவர் இராகத்தோடு படிப்பார்; லயத்து வாசலில் பத்துப்பேர் குந்தியிருந்து கேட்பர். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராசன் கதை எல்லாம் அவ்வழி வந்தவையே. என் பாட்டியார்க்கு ஓர் எழுத்தும் தெரியாது. அல்லி கதையோ தலைகீழ்ப் பாடம். பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மாலையில் அரிசி புடைத்தவாறே அதனைப் பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் சொல்வார். மதுரையை ஆளும் அல்லி ஆணின் துணையே வேண்டாதவள். அருச்சுனன் அவள்மேல் மையல் கொள்கிறான். கண்ணன் துணையால் பாம்புருவெடுத்து அவள் பள்ளியறை புகுகிறான். மாயம் இருக்கிறது, காதல் இருக்கிறது, கேட்போர் செவியும் இருக்கிறது. இதனினும் மிக்க மாயக் காதல் ஒலிநூல் வேறு யாது?

ஆனால், பழையன அனைத்தும் தூயன என்று பேசுவோர் அக்கதையை இறுதிவரை நினைவுகூரல் வேண்டும். அல்லி உறங்கும்பொழுது அவள் அறியாமல் அருச்சுனன் தாலியைக் கட்டிவிடுகிறான். அரசியின் ஒப்புதலை எவரும் கேட்கவில்லை. லயத்து வாசலில் அமர்ந்திருந்த ஆடவர் அந்த இடத்தில்தான் பலமாக நகைத்தனர். கேட்ட பெண்கள் என்ன நினைத்தனர் என்பது எந்தப் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் அச்சேறவில்லை. முதற்கதை கேட்கும் பெண்ணின் நெஞ்சில், காதல் என்றால் இதுதான் என்று ஒரு கோடு விழுகிறது. அக்கோட்டின் மேல்தான் பின்னர்க் கேட்பதெல்லாம் எழுதப்படும். ஆகவேதான் முதல் நூல் எது என்பதை நான் ஒரு பெருஞ்சிக்கலாகக் கருதுகிறேன்.

இனி, கேட்பது படிப்பாகாது என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். இதனைக் கூறுவோர் ஆசிரியர்களாக இருப்பதுதான் வியப்பு. நம் தொடக்கப்பள்ளித் தமிழ்மொழிக் கலைத்திட்டத்தில் முதற்கண் நிற்பது எது? கேட்டலும் பேச்சும் அல்லவா? வாசிப்பும் எழுத்தும் அதன் பின்னரே வருகின்றன. வள்ளுவர் கல்வியை 40ஆம் அதிகாரத்தில் வைத்து, கேள்வியை 42ஆம் அதிகாரத்தில் தனியே வைத்தார். கல்லாதவனும் கேட்கலாம், கேட்டல் அவன் தளர்ச்சியில் ஊன்றுகோலாகும் என்று இசைந்தார். கஃப், டன்மர் என்னும் ஆய்வாளர் இருவர் 1986இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். எழுத்தைக் கூட்டி ஒலிக்கும் திறனையும் கேட்டுப் பொருளுணரும் திறனையும் ஒன்றோடொன்று பெருக்கக் கிடைப்பதே படித்துப் பொருளுணரும் திறன் என்பது அவர்தம் கூற்று. பெருக்கல் என்பதைக் கவனித்தல் வேண்டும். இரண்டிலொன்று சுழியாயின் விடையும் சுழியே. எழுத்துக்கூட்டத் தெரிந்தும் பொருள் விளங்காமல் விழிக்கும் பிள்ளைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்க்குக் குறையாய் இருப்பது செவி வழிச் சேமிப்பு.

2016இல் அமெரிக்காவில் வயது வந்தோரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைப் படிக்கவும் ஒரு குழுவைக் கேட்கவும் ஒரு குழுவைப் படித்துக்கொண்டே கேட்கவும் செய்து வினாத் தொடுத்தனர். மூவர்க்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஓர் ஆய்வைக் கொண்டு உலகையே அளந்துவிடல் ஆகாது என்பதை அறிவேன். கேட்போர் கவனம் எளிதிற் சிதறும் என்று கூறும் ஆய்வுகளும் உள. பாடநூலைக் கேட்டே தேர்வெழுதிவிடலாம் என்று நான் எந்த மாணவனுக்கும் சொல்லமாட்டேன். ஆனால் புதினம் பாடநூலன்று. ஒரு வரியைத் தவறவிட்டால் அடுத்த வரி கைகொடுக்கும். நாற்பது நிமிடப் பேருந்துப் பயணத்தில், நின்றுகொண்டு செல்லும் பிள்ளைக்கு, நூலை விரித்துப் பிடிக்கவும் இடமில்லை. கேட்டலா வாசித்தலா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்க, அவளுக்கு முன் உள்ள தேர்வு கேட்டலா ஒன்றுமில்லாமையா என்பதே.

ஆகவே கேட்கட்டும். ஆயின் எதனை?

காணொளிகள் ஓயாது முழக்கும் பெயர்கள் இரண்டு. ஒன்று, சாரா ஜே. மாஸ் எழுதி 2015இல் வெளிவந்த ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’. மற்றொன்று, ரெபெக்கா யாரோஸ் எழுதி 2023இல் வெளிவந்த ‘ஃபோர்த் விங்’. முன்னது, ஓநாயைக் கொன்ற குற்றத்திற்காக வேட்டைக்காரப் பெண்ணொருத்தி தேவகணத்தான் ஒருவனால் தன் வீட்டினின்று கொண்டுசெல்லப்படுவது. பின்னது, பறவை நாகங்களின்மேல் ஏறிப் போரிடும் வீரர் கல்லூரியில், எளிதில் எலும்பு முறியும் மெலிந்த பெண்ணொருத்தி சேர்வது. இரண்டும் விறுவிறுப்புக் குன்றாதவை. அவற்றை எழுதியவர்க்குக் கதை நடத்தத் தெரியாது என்று சொல்வது பொறாமை. எனினும் முதல் நூலாக அவற்றை நான் மறுக்கிறேன்.

முதலாவது, வயது. மாஸின் நூல் தொடக்கத்தில் இளையோர்க்கென வெளிவந்தது. 2020இல் புதிய அட்டையோடு பெரியோர் வரிசைக்கு மாற்றப்பட்டது. பதிப்பகத்தாரே தம் அடுக்கை மாற்றிக்கொண்டனர். நம் இல்லங்களில் அச்செய்தியை அறிந்தார் எத்தனைபேர்? யாரோஸின் நூல் தொடக்கத்திலிருந்தே வயது வந்தோர்க்குரியது. இரண்டிலும் படுக்கையறைக் காட்சிகள் விரிவாக உள்ளன. தாளில் படிப்பவர் அப்பக்கத்தைப் புரட்டிவிடலாம். செவியில் அது ஒரு மனிதக் குரலாக, மிக அண்மையில், தப்ப வழியின்றி ஒலிக்கிறது. ஒலிநூலுக்கு மட்டுமே உரிய இவ்விடரை நூற்பட்டியல் வெளியிடுவோர் எவரும் சொல்வதில்லை. இருபத்தைந்து வயது ஆசிரியை தாமே தேர்ந்து கேட்டால் அதில் தலையிட நான் யார்? பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தவர் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது, நீளம். மாஸின் நூல் ஏறத்தாழ 16 மணி நேரம் ஓடும். நாளொன்றுக்கு 40 நிமிடம் கேட்பவர்க்கு அது 24 நாள். யாரோஸின் நூல் 20 மணி நேரத்திற்கும் மேல். ஒரு மாதம் போய்விடும். அதன் பின்னும் கதை முடிவதில்லை. முன்னதன் வரிசையில் 2021க்குள் ஐந்து நூல்கள் வந்துவிட்டன. பின்னதன் வரிசையில் மூன்றாம் நூல் 2025 ஜனவரியில் வந்தது. முடிவில்லாத ஒன்றைத் தொடங்கி நடுவில் விட்டவர், ஒலிநூலே தமக்கு ஒத்துவராது என்று எண்ணிவிடுவர். முதல் நூலுக்குத் தேவையான முதற்றகுதி, அது முடிவது. ஒரு நூலைத் தொடங்கி நிறைவு செய்தேன் என்னும் உணர்வு பிள்ளைக்குக் கிட்டவேண்டும். பொன்னியின் செல்வனைக் கொடுக்கலாமே என்று கேட்கும் நண்பர்களுக்கும் இதுவே விடை. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய ஐந்து பாகங்களைப் புதிதாய்க் கேட்கத் தொடங்குபவர் தலையில் ஏற்றுவது அன்பு ஆகாது. அதில் காதல் உண்டு, மாயம் இல்லை. அதற்குரிய காலம் வரும்.

மூன்றாவது, செவிக்குரிய கட்டமைப்பு. கண் திரும்பிப் பார்க்கும்; செவி திரும்பிப் பார்க்க முடியாது. எரின் மார்கன்ஸ்டெர்ன் 2011இல் எழுதிய ‘தி நைட் சர்க்கஸ்’ அழகிய நூல். போட்டிக்கெனவே வளர்க்கப்பட்ட மாயக்காரர் இருவர் ஒருவரையொருவர் விரும்பிவிடுவது அதன் கதை. அருவருப்பு ஒன்றுமில்லை, ஒரே நூலில் முடிகிறது. ஹாரி பாட்டர் கதைகளை அமெரிக்கப் பதிப்பிற்காகப் படித்த ஜிம் டேல் என்னும் பெரிய கலைஞர் அதனைப் படித்துள்ளார். இத்துணைச் சிறப்பிருந்தும் அதனை முதலிற் கேட்கச் சொல்லமாட்டேன். இயல்தோறும் ஆண்டும் ஊரும் முன்னும் பின்னுமாக மாறுகின்றன. தாளில் இயலின் தலைப்பில் ஆண்டும் ஊரும் அச்சாகியிருக்கும். மறந்தால் விரலால் புரட்டிப் பார்க்கலாம். பேருந்து ஓசைக்கு நடுவே அவ்வாண்டு காதில் விழாமற் போனால், கேட்பவர் எந்த ஆண்டில் நிற்கிறார் என்பதே விளங்காது. நேர்க்கோட்டில் செல்லும் கதையே முதற்செவிக்கு உகந்தது. ஆள்பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பாதிருத்தலும் வேண்டும்.

நான்காவது, குரல். தாளில் எழுத்தாளர் ஒருவரே நமக்குத் துணை, ஒலியில் இருவர். பின்னவர் சரியில்லையேல் முன்னவர் தோற்றுவிடுவார். விற்பனை நிலையங்கள் ஐந்து நிமிடம் இலவசமாகக் கேட்கத் தருகின்றன. பலர் அதனைக் கேளாமலே வாங்குகின்றனர். துணிக்கடையில் சேலையைத் தொட்டுப் பாராமல் வாங்குவார் உளரோ? அப்பகுதியில் உரையாடல் வருமிடத்தை உற்றுக் கேட்டல் வேண்டும். பெண் படிப்பவராயின் ஆணின் பேச்சை எவ்வாறு படிக்கிறார்? தொண்டையைக் கட்டிக்கொண்டு கரகரக்கிறாரா, அல்லது குரலை மாற்றாமல் நடையை மட்டும் மாற்றி ஆள் வேறுபாட்டை உணர்த்துகிறாரா? பின்னவரே வல்லவர். பலர் கூடி நடித்து, வாளோசையும் இடியோசையும் சேர்த்த நாடக வடிவங்களும் விற்பனைக்கு உள்ளன. அவற்றில் வருணனை குறைக்கப்பட்டிருக்கும்; சொல் கற்கவேண்டிய பிள்ளைக்கு ஓசை கிடைக்கும். அவற்றையும், சுருக்கிய பதிப்புகளையும் தொடக்கத்தில் விலக்குக. விரைவை ஒன்றரை மடங்காக்கிக் கேட்கும் வழக்கத்தையும் விலக்குக. காதலர் பேச்சில் சொல்லைவிட இடைவெளி முதன்மையானது. அதனைச் சுருக்கிவிட்டு என்னத்தைக் கேட்பது?

இத்தனைத் தகுதியும் கூடிய ஒரு நூல் நம் நாட்டு மண்ணிலேயே நிகழ்கிறது என்றால் எத்தனைபேர் நம்புவர்? யாங்சீ சூ எழுதி 2013இல் வெளிவந்த ‘தி கோஸ்ட் பிரைட்’ என்னும் ‘ஆவி மணமகள்’ அது. எழுதியவர் மலேசியச் சீனப் பெண்மணி, ஹார்வர்டில் பயின்றவர், இன்று கலிபோர்னியாவில் வாழ்கிறார். கதை 1893ஆம் ஆண்டு மலாக்காவில் தொடங்குகிறது. செல்வம் இழந்து அபினுக்கு அடிமையான தந்தைக்கு லி லான் என்று ஒரு மகள். ஊர்ச் செல்வர் குடும்பம் ஒன்று, இறந்துபோன தம் மகனுக்கு அவளை மணமுடித்துக் கொடுக்கும்படி கேட்கிறது. இறந்தவனுக்கு மணம் முடித்து அவன் ஆவியை அமைதிப்படுத்தும் வழக்கம் சீனரிடையே அருகி இருந்தது. இறந்த மணமகன் அவள் கனவில் வரத் தொடங்குகிறான். அவளோ உயிரோடிருக்கும் ஒருவனை விரும்புகிறாள். பின்னர் அவள் உயிர் உடலினின்று பிரிந்து, மாண்டோர் உலகில் அலைகிறது; அங்கே மூங்கில் தொப்பியால் முகத்தை மறைத்த ஒருவன் எதிர்ப்படுகிறான். இதற்குமேல் சொல்லேன். கேட்போர் இன்பத்தைக் கெடுக்கும் பாவம் எனக்கு வேண்டாம்.

இந்நூலை நான் தேர்ந்ததற்குக் காரணம் மலாக்கா மட்டுமன்று. குடும்பக் கடனுக்கு ஈடாக, தான் விரும்பாத ஒருவனுக்கு ஒரு பெண் கேட்கப்படுகிறாள்; அவள் ‘மாட்டேன்’ என்கிறாள். கதை முழுவதையும் நடத்திச் செல்வது அந்த ஒரு சொல்லே. அல்லி உறங்கினாள், லி லான் விழித்திருக்கிறாள். நம் பெண்கள் முதன்முதலாகக் கேட்கும் காதற்கதையில் அந்தச் சொல் இருக்கட்டும் என்பதே என் விருப்பம். படுக்கையறைக் காட்சிகளை நம்பி இந்நூல் நடக்கவில்லை. ஒரே நூலில் முடிகிறது. லி லானே தன் வாயால் சொல்லும் கதையாதலால் செவிக்கு எளிது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, நூலாசிரியரே அதனைத் தம் குரலில் படித்துள்ளார். ‘ஆமா’ என்னும் தாதியின் பெயரும், சீனர் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் அவற்றுக்குரிய ஒலியோடு வருகின்றன. அயல்நாட்டுக் கலைஞர் நம் ஊர்ப்பெயரைக் கடித்துத் துப்புவதைக் கேட்டு நொந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இது சீனர் கதை, நமக்கு இதில் என்ன என்று கேட்போரும் உளர். மலாக்கா யாருடையது? தங்க வேலைக்காரர் தெருவில் நிற்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781இல் எழுந்தது. லி லான் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஆண்டில் அக்கோவிலுக்கு வயது நூற்றுக்கு மேல். அதனைக் கட்டிய மலாக்காச் செட்டிகள் தமிழ் வணிகர் வழியினர். மலாய் பேசி, சிவநெறி மறவாது வாழ்பவர். அவர்தம் வீட்டுப் பெண்ணும் லி லானும் ஒரே தெருவில் நடந்திருப்பர். அயலார் வீட்டுப் பெண்ணின் துயரம் நம் வீட்டில் எவ்வாறெல்லாம் வேறு பெயரில் நிகழ்ந்தது என்று எண்ணிப் பார்க்கும் திறனே இலக்கியப் பயிற்சி. தேவகணத்தாரின் பெயர் தெரியாத நாட்டை ஏற்கும் செவிக்கு மலாக்கா மட்டும் எப்படி அயலாகும்?

முன்னாள் மாணவி ஒருத்தி, இப்பொழுது நான்காம் படிவத்தில் இருப்பவள், பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வந்திருந்தாள். “ஐயா, அதைக் கேட்டு முடித்துவிட்டேன், அடுத்து எது?” என்றாள். அதே ஆசிரியர் 2019இல் எழுதி, தாமே படித்த ‘தி நைட் டைகர்’ உள்ளது. 1931ஆம் ஆண்டு ஈப்போவும் பத்து காஜாவும் அதன் களம். துண்டிக்கப்பட்ட விரலொன்றைத் தேடும் சிறுவனும், மனிதப் புலி பற்றிய அச்சமும் நெஞ்சைப் பிடித்திழுக்கும். எனினும், மாற்றாந்தாய்வழி உறவில் அண்ணன் தங்கையாக வளர்ந்த இருவர் காதல் அதில் ஓடுவதால், அதனைச் சற்றுப் பின்னர்க் கேட்கச் சொன்னேன். மலேசியாவில் பிறந்த சூ லின் டான் 2022இல் எழுதிய ‘டாட்டர் ஆஃப் த மூன் காடஸ்’ அவளுக்கு இரண்டாவது நூல். நிலவில் சிறைப்பட்ட தாயை மீட்க மகள் வில்லெடுக்கும் கதை. இரண்டு நூல்களில் முடிவது. ஒன்றை முடித்தவர் இரண்டைத் தாங்குவார். சிங்கப்பூர் அன்பர்கள் விலை கொடுத்து வாங்கும் முன்னர், தேசிய நூலக வாரியத்தின் உறுப்பியத்தோடு ‘லிபி’ என்னும் செயலியிற் பார்க்கலாம். இரவல் ஒலிநூல்கள் அதில் உள்ளன.

இங்கே என்னைக் குத்தும் கேள்வி வருகிறது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஆங்கில நூலைப் பரிந்துரைப்பதா? நியாயமான கேள்வி. அதே கேள்வியை இச்சங்கத்தின் முன் நான் திருப்பி வைக்கிறேன். பதினாறு வயதுப் பிள்ளைக்கு, பத்து மணி நேரத்தில் முடியக்கூடிய, நம் மண்ணில் நிகழ்கின்ற, மாயமும் காதலும் நிறைந்த தமிழ்ப் புதினம் ஒன்றை, நல்ல குரலில் முழுமையாகப் பதிவு செய்து கொடுத்தவர் நம்மிடையே யார்? நல்லெண்ணம் கொண்டோர் தம் வீட்டில் படித்து ஏற்றிய பதிவுகள் உண்டு. அவர் தொண்டை நான் போற்றுகிறேன். ஆனால் பலவற்றில் காதலன் பேசுவதும் செய்தியறிக்கை போலவே ஒலிக்கிறது. அதற்குப் படிப்பவர் மட்டும் பொறுப்பல்லர். நம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறு. ‘நான் உன்னை மறக்கமாட்டேன்’ என்று தாளில் எழுதியதைக் கண் ஏற்கும். அதே தொடரை ஏட்டு நடையில் ஒருத்தி காதோடு சொன்னால் மேடை நாடகமாகிவிடும். ஒலிக்கென எழுதுவோர் உரையாடலை வாய்மொழிக்கு நெருக்கமாகவும் கதைப்பகுதியைச் செந்நடையிலும் அமைத்தல் வேண்டும். இந்நாட்டு வானொலி நாடகம் எழுதியோர்க்கு இக்கலை நன்கு தெரியும். அவருட் பலர் இன்றும் நம் கூட்டங்களுக்கு வந்து பின்வரிசையில் அமர்கின்றனர். அவரை யாரும் அழைத்துக் கேட்கவில்லை.

ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி வைக்கிறோம், மாலையும் பொன்னாடையும் வழங்குகிறோம், தொகுப்பை அச்சிடுகிறோம், கட்டுகள் செயலவையினர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. ஓராண்டு, ஒரே ஓராண்டு, அப்பணத்தைக் கொண்டு ஒரு குறும்புதினத்தை ஒலியில் கொணர்வோம். முப்பதாயிரம் சொல் போதும். எம் பள்ளி ஆசிரியைகளைக் கொண்டு மணி பார்த்துப் படிக்கச் செய்ததில், ஒரு மணிக்கு ஆறாயிரம் தமிழ்ச்சொற்கள் இடறின்றி வந்தன. ஆகவே ஐந்து மணி நேரம். பேருந்தில் ஒன்றரை வாரம். பொருளுக்கும் பஞ்சமில்லை. கேரித்தீவின் அலையாத்திக் காடுண்டு; பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோவில் இடிபாடுகளுண்டு; கூட்டுமரத்து முனியாண்டியைப் பற்றித் தோட்டத்துக்குத் தோட்டம் கதையுண்டு. அவையும் வேண்டாவெனில் அல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அருச்சுனன் பக்கத்திலிருந்து வேண்டாம். விடியற்காலையில் கண்விழித்து, தன் கழுத்தில் கிடந்த தாலியைத் தொட்டுப் பார்த்த அல்லி என்ன சொன்னாள் என்பதை, நம் பெண் எழுத்தாளர் ஒருவர் எழுதி, நம் வானொலிக் கலைஞர் ஒருவர் அவள் குரலில் படிக்கட்டும். அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதனை முன்மொழிய நான் அணியமாக உள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.